விடுபட்ட எண்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவிலில் இன்டர்மீடியட் பாஸாகி, தலைகால் புரியாமல் திரிந்த நாட்கள் அவை. பி.ஏ. படிக்க இரண்டு சர்க்கார் கல்லூரிகள் என் முன்னால் இருந்தன. ஒன்று பக்கத்தில், செலவு குறைவு, ஆனால் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மற்றது திருநெல்வேலி போய் ரயிலேற வேண்டிய தூரம். விண்ணப்பித்தால் இடம் நிச்சயம் என்றார்கள். அதன் பெயரைச் சொன்னாலே ஊரில் தனி மரியாதை. எனக்கு அதுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, விடுதிச் செலவுக்காக அஞ்சுகிராமத்தில் எங்களுக்கிருந்த ஒரே வயலை விற்கச் சம்மதித்துவிட்டார்.

விலை பேச ஆள் வரவிருந்த அன்று காலை, பழைய பேப்பர் வாங்க ஒரு பெண் வந்தார். கோட்டாற்றுக் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பைகளை எண்ணிக் கட்டுவதற்காக இலக்கம் மட்டும் கற்றிருந்தார். அதனால் பேப்பரில் அவர் வாசிப்பது ஒரே ஒரு பக்கம்தான்: பரீட்சை முடிவு. அன்றும் அதை விரித்து, எழுத்தின் வடிவத்தால் மட்டும் அவருக்குப் பழகியிருந்த இரண்டு தலைப்புகளைத் தொட்டு, இவை என்ன என்று கேட்டார். நான் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த அதே இரண்டு கல்லூரிகள்!

"இதுக்க கீழ நம்பரு வரிசையா வருது மக்கா. அதுல பல்லு போன வாயி மாதிரி இருக்கு. வருசா வருசம் இப்படித்தான். நடுவுல உள்ள பிள்ளையளெல்லாம் எங்க போச்சு?"

அச்சாகியிருந்தவை தேறியவர்களின் எண்கள், விடுபட்டவை தோற்றவர்களுடையவை. வரிசையாக வந்தது பக்கத்துக் கல்லூரி. தெரிந்தவர்களின் எண்ணைத் தேடி அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை மேய்ந்தவன் நான். இங்கிலீஷ் படித்த என் கண்ணுக்கு இது தட்டுப்படவே இல்லை.

அப்பாவும் நானும் முந்தைய வருஷத் தாள்களைத் தேடியெடுத்துப் பார்த்தோம். அந்தப் பெண் சொன்னது அப்படியே இருந்தது. வயலுக்கு வந்தவரை அப்பா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். பக்கத்துக் கல்லூரியில் கடைசிப் பட்டியலில் எனக்கு இடம் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு முடிவு தெரிவதற்கு முன்பே அந்தப் பெண் வாசலில் நின்றார். என் எண்ணை முன்னமே கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். கையில் மடிக்காத ஒரு தாள். "உனக்க நம்பரு விடுபடல்ல" என்றார்.

இன்றைக்கும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், அதில் இல்லாதவர்களைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.