பழைய சிகிச்சை: இல்லை

1. அம்மாவின் இடது கன்னத்துக்குள் புற்று வந்தது. இருபது வருடமாக அங்கேதான் புகையிலையை ஒதுக்கியிருந்தாள்.
2. வேலூரில் ஆறு வாரம் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். புற்று போனது.
3. கூடவே எச்சிலும் போனது.
4. எச்சில் இல்லாத வாயில் பற்கள் ஈறோரம் கறுத்து ஒடிந்தன.
5. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம்.
6. பிடுங்கிய குழி ஆறவில்லை.

ஐந்தாவதில் ‘பிடுங்கினோம்’ என்று எழுதியது சரியில்லை. அது நான் ஒருத்தி செய்த வேலை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறேன். ஷூவின் அடிப்பாகத்தை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுதுவேன். பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும்.

தாய்க்குப் புற்று என்றால் மகளுக்கும் வரும் என்பார்கள். எனக்குக் கல்யாண வயது. அதனால் தெருவில் எல்லோரிடமும் ‘பல் வைத்தியம்’ என்றே சொல்லியிருந்தோம். மறுவருடம் வரன் அமைந்தது. பூ வைக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மா லட்டைத் தண்ணீரில் கரைத்து விழுங்குவதைப் பார்த்துவிட்டார்.

“இன்னா சம்பந்தி, இன்னுமா பல்லு சரியாவல? எங்க கொழுந்தனார் பொண்ணு பல் டாக்டர்தானே, அவகிட்ட காட்டிடலாம். கல்யாணத்துல முறுக்கு கடிக்க வேணாமா?”

மறுக்க வழியில்லை. வலியும் ஜாஸ்தியாகியிருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். தங்களைக் கேட்காமல் எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது, தாடை எலும்புக்கு இனிக் காயம் ஆற்றும் வலு கிடையாது என்று அதில் இருந்தது. அது என் கைப்பையில் இருக்கும்போதே கிளினிக் படிவத்தை நிரப்பினேன். பழைய சிகிச்சை: இல்லை.

அந்தப் பெண் அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “தோல் ஏன் அண்ணி இப்படிக் கறுத்திருக்கு? கரண்டு ஏதாவது வச்சாங்களா?”

“சுடுதண்ணி கொட்டிடுச்சு.”

அம்மா தலையாட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மூன்று மாதத்தில் குழிக்குள் எலும்பு தெரிந்தது. வெளுத்திருந்தது; தொட்டால் வலிக்கவில்லை. அப்புறம் தாடைக்கு வெளியே துளை விழுந்து சீழ் வந்தது. குடித்த கஞ்சி அந்த வழியாகக் கழுத்தில் இறங்கியது. கல்யாணத்தன்று அங்கே பஞ்சு வைத்து ஒட்டினேன். போட்டோக்காரரிடம் வலது பக்கமிருந்தே எடுக்கச் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தியில் அம்மா தன் இலையிலிருந்த முறுக்கை எடுத்து என் கையில் வைத்தாள்.

“நீ கடி.”

கடித்தேன்.

மாமியார் பழியை டாக்டர் பெண்ணின் மேல் போட்டார். “ஒரு பல்லு பிடுங்கத் தெரியல, இவ டாக்டராம்” என்று சொந்தத்தில் வீடு வீடாகச் சொன்னார். அவள் ஒருநாள் என்னிடம் வந்து அழுதாள்.

“கருவியெல்லாம் சுத்தம் பண்ணித்தான் எடுத்தேன் அண்ணி. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல.”

“விடும்மா, நம்ம நேரம்” என்று அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இன்றைய நிலவரம் இது. அம்மாவின் கீழ்த்தாடையில் இடது பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி போகிறது. புகுந்த வீட்டில் என்னை நன்றாக வைத்திருக்கிறார்கள். டாக்டர் பெண் பல் பிடுங்குவதை விட்டுவிட்டாள். பல் சுத்தம் மட்டும் செய்கிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.