ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே

எழுபதுகளில் நாமக்கல் பக்கம் யாரைப் பார்த்தாலும் கோழிப் பேச்சுதான். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, காட்டில் கோழிக் கொட்டகை எழும்பியது. அப்பாவும் சோளக்காட்டின் ஒரு மூலையில் கம்பிவலை அடித்து, தரையில் கடலைத்தோல் பரப்பி, வெள்ளைக்கோழிகளை விட்டார். முட்டை லாரி எந்த வழியாக உள்ளே வந்து எங்கே திரும்பும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

முட்டைக்கு முன்னால் நோய் வந்துவிட்டது. ஒரு காலை முன்னே நீட்டி, மறு காலைப் பின்னே நீட்டி, ஓடப்போகிற மாதிரி ஒரு கோழி கிடந்தது. கண் தெளிவாக இருந்தது. தீனியைப் பக்கத்தில் வைத்தால் கொத்தித் தின்றது. கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பல கோழிகள் அப்படியே விழுந்தன. சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று அப்பா தீனியில் கிளிஞ்சலை அள்ளி அள்ளிக் கொட்டினார். எங்கள் ஊரில் அப்போது கோழிக்கு என்ன வந்தாலும் கிளிஞ்சல்தான் மருந்து.

கடைசியில் கால்நடை டாக்டர் வந்தார். சாக்கை விரித்து, செத்த கோழியை அறுத்து, தொடைச் சதையை விலக்கினார். நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பொம்பளைப் பிள்ளை இதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று அப்பா அதட்டியும் நகரவில்லை. வலது தொடையில் நரம்பு வெள்ளை நூலாக, குறுக்கே மெல்லிய கோடுகளோடு அழகாக இருந்தது. இடது தொடையில் அதே நரம்பு கோடுகள் அழிந்து, மஞ்சளித்து, வெந்த சேமியாவாக ஊதியிருந்தது.

"ஏனுங்க டாக்டர், ரெண்டும் ஒரே கோழியோட நரம்புதானுங்க? ஒரு பக்கம் மட்டும் ஏனுங்க வீங்குது?"

"தெரியலியே, அம்மிணி."

இது வைரஸ், வந்த கோழிக்கு மருந்து கிடையாது என்று அவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எனக்கோ அந்த 'தெரியலியே' மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய டாக்டருக்கே தெரியாத ஒன்று எங்கள் காட்டில், சாக்கின் மேல் கிடக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நஷ்டம் என்றால் உறவு நேரில் வந்து விசாரிக்க வேண்டும். சாவுக்கு மட்டுமில்லை. கிணறு இடிந்தாலும் மாடு செத்தாலும் வருவார்கள். வந்து வாசலோடு போகக் கூடாது. இடிந்த கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும், செத்த மாட்டின் கட்டுத்தறியில் நின்று உச்சுக்கொட்ட வேண்டும். அப்படித்தான் எல்லோரும் கொட்டகைக்குள் போனார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் உள்ளே இருந்தது அத்தை, அப்பாவின் தங்கை. விழுந்த கோழிகளை மடியில் எடுத்து வைத்து அழுதாள். திருச்செங்கோட்டுப் பக்கம் அவளும் புதிதாகக் கோழி விட்டிருந்தாள். கொஞ்ச நாளில் அங்கேயும் கால்கள் முன்னும் பின்னுமாக நீண்டன. கண் பட்டுவிட்டது என்றார்கள்.

நான் சேலத்தில் கல்லூரி முடித்து, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தேன். எடுத்துக்கொண்டது அதே நரம்பு, அதே வைரஸ். நரம்பை ஐஸில் வைத்து அரைத்து, சாராயம் ஊற்றினால் டி.என்.ஏ. வெள்ளை இழையாகத் திரண்டு கண்ணாடிக் குச்சியில் சுற்றிக்கொள்ளும். கோழியின் கட்டளைகளும் வைரஸின் கட்டளைகளும் அதே இழைக்குள்தான். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்பதற்கு மட்டும் இன்றுவரை முழு விடை என்னிடம் இல்லை.

வேறொன்று அங்கே நூலகத்தில் படித்துத் தெரிந்தது. இந்த வைரஸ் கோழியின் இறகு வேரில் வளர்ந்து தூசியோடு வெளியே வருகிறது. துணியில், தலைமுடியில், செருப்பில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. படித்ததும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது அத்தையின் மடிதான். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளில் அப்பா மறுபடி துணிந்தார். குஞ்சு பொரித்த அன்றே தடுப்பூசி, கொட்டகைக்குள் வெளியாள் யாருமே போகக் கூடாது. இரண்டாவது சட்டம் என்னுடையது. பார்க்க வந்த அத்தை, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"உங்க கோழிக்குத் தீட்டா நானு?" என்று கேட்டதாக அப்பா சொன்னார். அதன்பிறகு அவள் வரவில்லை. கொட்டகை இன்னொரு தரம் விழுந்தால் அப்பாவால் எழ முடியாது. என் சட்டத்தால் தங்கையையும் வீணாக இழந்துவிட்டு நிற்பார்.

அப்படியிருக்க ஒரு நாள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு டிரங்க்கால் வந்தது. அப்பா.

"ஒரு கோழி காலைத் தூக்கித் தூக்கி நடக்குது சாமி."

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பயம்தான். ஆனாலும் தடுப்பூசி போட்ட கோழியின் நரம்பை ஆரம்பத்திலேயே பார்க்கப் போகிறோம் என்ற பரபரப்பும் இருந்தது. பையில் கத்தியும், நரம்பைக் கெடாமல் போட்டுவைக்க ஃபார்மலின் புட்டியும் தயார். கொட்டகை கேட்டில் அப்பா குறுக்கே நின்றார்.

"எங்கிருந்து வாரே?"

"பெங்களூர்ல இருந்து நேரா வாரேனுங்கப்பா."

"அங்க நோய்க்கோழிகளை அறுத்த கையோட? நீ போட்ட சட்டம்தானே. வெளியவே நில்லு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பினால், வேப்பமரத்தடிக் கல்லில் அத்தை. செய்தி கேட்டு அவளும் விசாரிக்க வந்துவிட்டிருந்தாள்.

"உன்னையுமா? வா அம்மிணி, இங்க உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டாள். இத்தனை நாள் கோபம் ஆற, என்னையும் வெளியே நிறுத்தியதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பா உள்ளே கோழியை அறுத்தார். நான் கம்பிவலைக்கு வெளியிலிருந்து கேள்வி கேட்டேன், அவர் கத்திப் பதில் சொன்னார். வலது நரம்பு வெள்ளை. இடதும் வெள்ளை. இரண்டிலும் குறுக்குக் கோடு தெரிகிறது. கடைசியில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கம்பி குத்திச் சீழ் வெச்சிருக்குது. அவ்வளவுதான்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நரம்பு இல்லாமலே புட்டி திரும்புகிறதே என்று துளி ஏமாற்றமும் இருந்ததை ஏன் மறைக்க வேண்டும். அத்தை கேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் அம்மிணி, அன்னைக்கு நான் உள்ள போயி மடியில வெச்சுட்டு இருந்தனே. அதுலதான் என்ர கோழியெல்லாம் போச்சா?"

"ஆமாங்கத்தை."

அத்தை எழுந்து கேட்டுக்கு அருகே போய், கம்பியைத் தொடாமல் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, கோழியெல்லாம் நல்லாருக்குதுங்களா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.