ஆயிரம் என்று நான் சொன்ன மூன்று நாள்

என் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். தெருவில் அவருக்கு நொடிமுள் என்று பெயர். சொன்ன நேரத்துக்கு யாராவது ஒரு நிமிடம் பிந்தினாலும் முகம் சுருங்கிவிடும். ஒயின் போடுவதிலும் அதே கெடுபிடிதான். வருஷா வருஷம் ஜெபவீட்டு ஆராதனைக்குத் தன் கையால் திராட்சை ஒயின் போட்டுக் கொடுப்பதாக ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தார். பதினெட்டு வருஷம் தவறவில்லை.

இந்த வருஷம் சாற்றை ஜாடியில் ஊற்றிய கையோடு நுரையீரல் நோய் முற்றிப் படுத்துவிட்டார். பார்வையும் மங்கிப்போயிற்று. சாற்றின் இனிப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அது அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாய். உள்ளே சுருட்டிய காகிதத்தில் மூன்று வரிசை எண்கள்.

"மத்த ரெண்டு வரிசையை விட்டுடு. வெறும் தண்ணியில ஆயிரம் காட்டும் பாரு, அதை மட்டும் படி. சாறுல மிதக்கவிட்டு ஒரு சுத்து சுத்தி விடு, குமிழி ஒட்டியிருந்தா தப்பாக் காட்டும். ஓரத்துல ஏறி நிக்கிற சாறைப் பாக்காதே, நடுவுல பள்ளமா இருக்கிறதைப் பாரு."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்கு இவ்வளவு பாடமா?"

"கடைக்கு வர்ற பட்டதாரிக்கே முள்ளைப் பாத்து மணி சொல்லத் தெரியல. நீ படி."

இனிப்பு இருக்கும்வரை குழாய் உயர்ந்து மிதக்கும். ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்ன குழாய் இறங்கி எண் குறையும். ஆயிரத்துக்கு வந்து மூன்று நாள் அசையாமல் நின்றால் பாட்டிலில் அடைக்கலாம். ஆயிரத்துத் தொண்ணூறில் தொடங்கியது, குளிர் வந்ததும் ஆயிரத்து இருபதில் நின்றுவிட்டது. பத்து நாளாக அதே எண்.

"எவ்வளவு?"

"ஆயிரத்து இருபதுதாங்க."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். "கண்ணை மூடுறதுக்குள்ள குடுத்துட்டுப் போயிடணும்" என்று மட்டும் சொல்வார். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனி நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் காலை நான், "ஆயிரம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு நாளும் அதையே சொன்னேன். ஆறு பாட்டில் அடைத்தேன். நான் கார்க்கைத் தட்டும் சத்தத்தைப் படுக்கையிலிருந்தே எண்ணினார். வேறு இடமில்லாமல் அடுப்புப் பக்கத்து அலமாரியில் அடுக்கினேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் ஒரு பாட்டில் வெடித்தது. அடுத்து இன்னொன்று.

"உண்மையில எவ்வளவு இருந்துச்சு?" அவர் சத்தம் போடவில்லை.

"இருபதுதாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

"ஆண்டவருக்குக் குடுக்கிறதுலயா?"

முகம் துடைத்த துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தேன். அவரே என் கையைத் தேடினார்.

"நான் நிம்மதியாப் போகணும்னு பாத்தியா?"

"ஆமாங்க."

"பைத்தியக்காரி. மிச்சப் பாட்டிலைத் துணி போத்தித் திற. ஜாடியில ஊத்தி அடுப்புப் பக்கத்துலயே வை. சூடு பட்டதும் ஈஸ்ட் மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு, அந்தக் காத்து அடைஞ்சுதான் வெடிச்சிருக்கு."

அதன்பிறகு உள்ளதையே சொன்னேன். பதினாறு. பன்னிரண்டு. ஒரு காலையில், ஆயிரத்து எட்டு.

"இன்னும் ஒரு வாரம் ஆகும். அவசரப்படாதே" என்றார். அன்று சாயங்காலம் கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து ஆயிரம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு காலையும் குழாயைச் சுற்றிவிட்டு, குனிந்து, பள்ளத்தைப் பார்த்து அதே எண்ணைப் படித்தேன். பிறகுதான் பாட்டிலில் அடைத்து ஜெபவீட்டுக்கு எடுத்துப்போனேன்.