எண்பத்து மூன்று மில்லி மழையில் டெல்மாவின் கல்யாணம்

நெவில் ட்ரஹேர்ன் பள்ளிக்கூடம் போனது நாலே வருஷம். அதற்குப் பிறகு மேற்குக் குவீன்ஸ்லாந்தில் அவர் தண்ணீருக்காக நிலத்தைத் துளைத்துப் போர் போட்ட இடங்கள் முந்நூற்றுப் பதினொன்று. தண்ணீர் வராமல் போனவை ஏழு. அந்த ஏழும் நிலத்தின் குற்றம். இரவல் வண்டியில் தொடங்கி, சொந்தமாக மூன்று போர் வண்டி வைத்த மனிதர் அவர்.

அவருடைய ஒரே மகள் டெல்மா, தன் கல்யாணத்துக்கு, "நம்ம ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையே போதும்ப்பா. வர்றவங்க ஆளுக்கொரு தட்டு சாப்பாடு கொண்டாரட்டும்" என்றாள்.

"என் வீட்டுக் கல்யாணத்துக்கு வர்றவன் சாப்பாட்டைத் தூக்கிட்டு வரணுமா? ஊர் சிரிக்கவா?"

கடற்கரை நகரத்திலிருந்து வெள்ளைக் கூடாரம், நூற்றிருபது நாற்காலி, மூன்றடுக்குக் கேக் எல்லாம் வெள்ளிக்கிழமை லாரியில் வர ஏற்பாடு செய்தார். டெல்மா சண்டை போடவில்லை. "வந்தாலும் சந்தோஷம், வராட்டியும் சந்தோஷம்" என்று ஆடுகளுக்குத் தீனி போடப் போய்விட்டாள். மூன்று வருஷமாக மழை இல்லை.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கரிசல் ரோடு களியாகிவிட்டது. மறுநாள் லாரி தார் ரோடு முடியும் இடத்திலேயே நின்றுவிட்டது. நெவில் போர் வண்டிச் சாவியை எடுத்தார்.

"என் வண்டி மலையையே இழுக்கும். லாரி எம்மாத்திரம்?"

"இழுத்துரும்ப்பா. அப்புறம் சேத்துல அந்தச் சக்கரத் தடம் அப்படியே காயும். ஆறு மாசத்துக்கு ஒவ்வொரு குழியிலயும் உங்க பேரைச் சொல்லித்தான் திட்டுவாங்க."

பேர் என்றதும் அவர் யோசித்தார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு லாரியைத் திரும்பிப் போகச் சொன்னார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை, ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த ஐம்பத்தெட்டுப் பேர் கல்மேட்டு வழியாக டிராக்டரில் வந்தார்கள். முழங்கால்வரை சேறு, கையில் மூடிய தட்டு. கூடாரம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "நெவில், எத்தனை மில்லி மழை?"

பக்கத்துப் பண்ணை செசில் நெவிலின் இடுப்பில் குத்தினார். "இனி உன் தொழில் படுத்துரும்டா. அதான் மூஞ்சி சுருங்கிக் கிடக்கா?"

"மேல விழுற தண்ணி உனக்கு, கீழ கிடக்கிறது எனக்கு. நான் எதுக்குடா படுக்கிறேன்?"

டெல்மா ரப்பர் பூட்ஸோடு மாப்பிள்ளையுடன் மோதிரம் மாற்றினாள். பிறகு அப்பாவின் பேச்சு. நாலு பக்கம், ஒரு மாதமாக மனப்பாடம் செய்தது. "நான் கையில காலணா இல்லாம இந்த ஊருக்கு வந்தவன்" என்று தொடங்கினார். அதற்குள் தகரக் கூரையில் மறுபடியும் மழை இறங்கியது. ஐம்பத்தெட்டு முகமும் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

நெவில் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு வெளியே போனார். மழைமானியோடு, தொப்பி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

"எண்பத்தி மூணு."

கொட்டகையே அதிர்ந்தது. செசில் தொப்பியைத் தூக்கி எறிந்தார்.

"நீங்க பேசினதுலயே இதுதான்ப்பா நல்ல பேச்சு" என்றாள் டெல்மா.

"மானி நான் மாட்டினது. ஒரு சொட்டு தப்பாது" என்றார் நெவில். செசில் வீட்டுத் தட்டிலிருந்து இறைச்சி அடைத்த பணியாரம் இரண்டை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.