கிறிஸ்துராஜ் வாங்கிய வாட்ச்

கிறிஸ்துராஜுக்கு எந்நேரமும் கனவுதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தோல் வெட்டுகிறான். இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இந்த உலகத்துக்கு வருவான். அப்படிப்பட்டவன் போய் வாட்ச் வாங்கினால் நாங்கள் சும்மா விடுவோமா?

பெங்களூரில் இரண்டு நண்பர்கள் சின்னதாகப் பட்டறை போட்டு, சொந்தப் பேரில் வாட்ச் செய்கிறார்களாம். போனில் பார்த்து ஆர்டர் போட்டிருந்தான். பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ஸ்பிரிங் தானே முறுக்கிக்கொள்ளும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும்.

“இன்னா தோஸ்த், காசும் ஜாஸ்தி, கழட்டி வெச்சா நின்னுடுமா? பேஜாரா இருக்குதே இந்த வாட்ச்!” என்றார் சூப்பர்வைசர் ஹபீப்.

“நாங்க கழட்டியே வெக்க மாட்டோம் பாய்.”

நாங்கள் என்றால் அவனும் அவன் மனைவி அக்சாவும். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் நைட் டியூட்டி. வீடு பள்ளிகொண்டாவில். காலையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இவன் கம்பெனி வண்டி ஏறுவான். மாலையில் இவன் இறங்கும்போது அவள் ஏறுவாள். ஹைவே ஓரத்தில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் குடும்பம்.

அங்கேதான் வாட்ச் கை மாறும். பகலெல்லாம் இவன் கையில் ஓடும். வார்டில் கையில் கட்டக் கூடாது என்பதால், இரவில் அவள் பாக்கெட்டில் கிடந்து, அவள் நடக்கிற நடையில் ஓடும். பனிக்காலத்தில் எதிரே நிற்கும் பஸ்கூடத் தெரியாதாம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து வாட்ச்சோடு அவள் கை மட்டும் முதலில் வருமாம். “அவ குடுக்கும்போது சூடா இருக்கும்ணா” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும்.

அது நிற்காத வரைக்கும் தாங்கள் ஒன்றாகத்தான் வாழ்கிறோம் என்று அவனாக நினைத்துக்கொண்டிருந்தான். அடிக்கடி காதில் வைத்துக் கேட்பான். பகல் டியூட்டி கேட்டு அக்சா எழுதிக் கொடுத்து மாதங்கள் ஆகியும் பதில் இல்லை.

போன மாதம் சில நாள் லீவு போட்டான். திரும்பி வந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டின்போது அவன் வாட்ச் ஆறு மணி காட்டியது. எங்கேயோ கிடந்து நின்றுபோய், இன்று கை அசைந்ததில் மறுபடி ஓடுகிறது. இரண்டு பேருக்கும் சண்டையோ?

“இன்னாடா, நின்னுடுச்சா?”

“ஆமாணா.” முகத்தில் வருத்தமே இல்லை. “அவளுக்கு டே டியூட்டி குடுத்துட்டாங்க. மாறுறதுக்கு நடுவுல லீவு. நானும் போட்டேன். ரெண்டு பேரும் வீட்லயே இருந்தோம். வாட்ச் ஜன்னல்ல கெடந்துச்சு. எப்ப நின்னுச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெர்ல.”

கேலியை விட்டுவிட்டுக் கையை நீட்டினேன். “குடு, டைம் வெச்சுத் தர்றேன்” என்றேன்.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். “வேணாம்ணா. சாயங்காலம் அவ வெச்சுத் தருவா. வீட்லதான் இருப்பா.”

அன்று வேலை முடிகிற வரைக்கும் மணி கேட்டே எங்களைத் தொல்லை பண்ணினான்.