வற்றல் மண்டிச் சுவர்

சாரல் அடித்துச் சுவர் ஈரம் வாங்கினால் போதும், தென்காசியில் நான் நடத்துகிற ஓட்டலுக்குள் மிளகாய் நெடி எழுந்துவிடும். என் அப்பாவின் மிளகாய் வற்றல் மண்டியாக இருந்த கட்டிடம் இது. பள்ளிக்கூடம் விட்டதும் சாக்கு அடுக்கின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, கீழே தேங்காயெண்ணெய் தடவிய விரல்களால் பெண்கள் காம்பு கிள்ளுகிற சத்தத்தையும், அதற்கு நடுவே ஓயாமல் விழும் தும்மல்களையும் கேட்டபடியே தூங்கிப்போவேன். யார் தும்மினாலும், அவர்களில் ஒருத்தியான மாரியக்கா, கை நிற்காமல், தலை நிமிராமல், "நூறு" என்று வாழ்த்துவாள். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் ஆயிரக்கணக்கில் ஆயுசு கூடியிருக்கும்.

நேற்று கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பழைய பூச்சக் கொத்திட்டுப் புதுசா பூசிருவோம் தாயி. இல்லன்னா சாப்பிட வாரவங்க தும்மிக்கிட்டே ஓடிருவாவ."

"ஓடுதவங்க ஓடட்டும் அண்ணாச்சி. செவத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்றேன்.

இன்று மத்தியானம், குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு வந்த ஒருவர், இலை முன்னால் உட்கார்ந்ததுமே தும்மினார். எழுந்து ஓடிவிடுவாரோ என்று பார்த்தேன். இப்போது என் ஓட்டல் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாரியக்கா, தலை நிமிராமல், "நூறு" என்றாள். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் தும்மினார்.

"இருநூறு" என்று சொல்லிக்கொண்டே சாம்பார் வாளியைத் தூக்கினேன்.