அடுப்புக்கு ஒரு ஓட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பியபோது, பொது இடத்தில் வாயைத் திறக்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். ராயப்பேட்டையில் நாங்கள் குடியேறிய ஒண்டுக்குடித்தன ஸ்டோரிலோ எல்லாமே பொது இடம். நடுவில் நீளமான முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். முற்றத்தின் கோடியில் எல்லோருக்குமாக ஒரே ஒரு அடிபம்பு. என் வீட்டுக்காரர் தி. நகரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். காலையில் போனால் கடை சாத்திய பிறகுதான் வருவார். பகல் முழுக்க நானும் பம்பும் பக்கத்து வீட்டுக்காரிகளும்தான்.

அந்த ஸ்டோரில் ஒரு வழக்கம் இருந்தது. பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முற்றத்தில் கூடி, பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் செகரட்டரியாகத் தேர்ந்தெடுப்பார்கள். வாஷர் தேய்ந்தால் மாற்ற வேண்டும், சண்டை வந்தால் விலக்கிவிட வேண்டும். இதற்கு அடுப்புக்கு ஒரு ஓட்டு. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே அடுப்பு எரிந்தால் ஒரே ஓட்டு. அண்ணனும் தம்பியும் தனித்தனியாகச் சமைத்தால் ஆளுக்கொன்று. ஆண்கள் கை தூக்குவார்கள், நாங்கள் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தப் பதவியை யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டதே இல்லை. போன வருஷம் நான், இந்த வருஷம் நீ என்று அடுத்தவர் தலையில் கட்டத்தான் பார்ப்பார்கள். அதுதான் எங்கள் நல்ல காலம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு மழை பொய்த்தது. கார்ப்பரேஷன் குழாய் வறண்டு போய், ஸ்டோர் முழுவதும் அந்த ஒரு பம்பை நம்பி நின்றது. குடங்கள் மோதிக்கொண்டன. ஒரு தவலை நசுங்கியது, ஒரு மண்டையும் உடைந்தது. அந்த வருஷம் செகரட்டரியாக இருந்தவர் முதல் வீட்டுக்காரர். ஏதோ ஓர் அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டை கசங்காத மனிதர். கடைக்குப் போய் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்து பம்பின் கைப்பிடியில் மாட்டினார்.

"இந்தக் கோடை மட்டும் சாவி என்கிட்ட இருக்கட்டும். மழை வந்ததும் கழட்டிடலாம்" என்றார்.

எல்லோரும் சரி என்றோம். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோடையில் அவர் நடந்துகொண்டது போல யாராலும் நடந்திருக்க முடியாது. விடியற்காலையில் சாவியோடு வந்து நிற்பார். அவர் வீட்டுக் குடமும் வரிசையில்தான் நிற்கும். சண்டை கப்சிப் என்று அடங்கியது. மகராசன் என்று நானே வாயாரச் சொல்லியிருக்கிறேன்.

மழை வந்தது, பூட்டு அப்படியே இருந்தது. அதற்குள் நாட்டில் எமர்ஜென்சி வந்துவிட்டது. டீக்கடையில் அரசியல் பேசக் கூடாது என்ற பலகை முன்பும் இருந்ததுதான், யாரும் அதை மதித்ததில்லை. இப்போது பலகை இல்லாத இடத்திலும் பேச்சு நின்றது. ரயிலெல்லாம் நேரத்துக்கு வருகிறதாம் என்று ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள் மெச்சிக்கொள்வதாக என் வீட்டுக்காரர் வந்து சொல்வார். செகரட்டரிக்கு அந்தக் காற்று ரொம்பப் பிடித்துப்போயிற்று. முற்றத்துச் சுவரில் அவரும் ஒரு பலகை மாட்டினார்: 'பம்படியில் பேச்சு கூடாது.' பொங்கல் வந்து போனது, கூட்டத்தைக் காணோம். யாரோ கேட்டதற்கு, "நாடு இருக்கற நிலைமையில நாலு பேரு கூடி நின்னா, போலீஸுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூலை அறையில் தங்கி மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரம்மச்சாரிப் பையன்கள் மட்டும் விடாமல் கேட்டார்கள். அவர்களிடம் டீ போட ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் உண்டு. அதையும் அடுப்பு என்று கணக்கில் சேர்த்துத்தான் அதுவரை ஓட்டு இருந்தது. "டீ போடற ஸ்டவ்வெல்லாம் அடுப்பு ஆகாது, சோறு வேகணும்" என்று செகரட்டரி ஒரே போடாகப் போட்டார். அதே மாதத்தில் தன் மருமகளுக்குச் சமையலறையில் இன்னொரு அடுப்பு வைத்துக்கொடுத்தார். ஒரே குடும்பம், ஒரே சாம்பார், இரண்டு ஓட்டு. முதல் முறை அவர் வீட்டுக்கு ஆனது; அடுத்து எதிர் வரிசையில் மூன்று வீடுகளுக்கு விடியற்காலை முறை நிரந்தரமாகக் கிடைத்தது. அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. விடியற்காலைத் தண்ணீர் கண்ணாடியாக வரும். அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அவர்கள் வாய் அடைத்துக்கொண்டது, காது மட்டும் செகரட்டரிக்காக நன்றாகத் திறந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பிறந்திருந்தாள். ஒரு நாள் இவர் கடைக்குக் கிளம்பும்போது செகரட்டரியைப் பார்த்து, "சார், இந்தப் பொங்கலுக்காவது கூட்டம் உண்டா?" என்று கேட்டுவிட்டார். வாயைத் திறக்காத மனுஷன், அன்றைக்கென்று திறந்தார். செகரட்டரி சிரித்தார். மறுநாள் நான் குடத்தோடு போனபோது, "முறை மாறியிருக்கும்மா" என்றார். கோபமே இல்லாத குரல். எங்கள் முறை கடைசிக்குப் போய்விட்டது.

"சரி சார்" என்றேன்.

கடைசி முறை வரும்போது பம்பில் காற்றுதான் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எத்தனை துணி நனையும் என்று பெற்றவளுக்குத் தெரியும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருக் குழாயில் நின்றால், நீ எந்தத் தெரு என்று கேட்டு விரட்டினார்கள். நல்ல தண்ணீரில் அலசாத துணியைக் கட்டிக் கட்டி அவளுக்குத் தொடை இடுக்கில் புண் வந்தது. ராவெல்லாம் அழுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது கேட்கும், கேட்காத மாதிரி இருந்தார்கள். அறைக்குள் இருந்தால் மூச்சு முட்டியது, வெளியே வந்தால் எதிரே பூட்டுத் தொங்கியது. வேறு வீடு போகலாம் என்றால், கைக்குழந்தைக்காரர்களுக்கு வீடு கொடுக்க ஆளில்லை.

ஒரு நாள் இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிரு. இங்க எல்லாம் சரியானதும் கூப்பிட்டுக்கிடுதேன்."

"எப்ப சரியாவும்?"

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி வைத்தேன். போனால் திரும்பி வருவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப் போய் ஊரோடு தங்கிவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் நாட்டுக்குத் தேர்தல் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஸ்டோரின் கடைசி வீட்டில் இட்லி சுட்டு விற்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவள். மறுநாள் காலை அத்தனை குடத்துக்கும் நடுவில், பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "இன்னா சார், நாட்டுக்கே எலீக்சன் வெக்கிறாங்களாம், நம்ம பம்புக்கு எப்போ?" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டோம். செகரட்டரி முகம் சுண்டிப்போயிற்று. "வெச்சுட்டா போச்சு, ஞாயித்துக்கிழமையே" என்றார். அவருக்கு என்ன பயம்? அடுப்புகளை எண்ணி வைத்திருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் கூடினோம். அவர் பம்புக்குப் பக்கத்தில், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். "நான் வேண்டாம்னு நினைக்கறவங்க தாராளமா கை தூக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஆணின் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். நாளைக் காலையில் அதே முகத்தின் முன்னால் குடத்தோடு நிற்க வேண்டும். ஒரு கையும் எழவில்லை. இவரைப் பார்த்தேன், இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மா சொல்லி அனுப்பிய புத்தி பறந்துவிட்டது. கட்டிய பெட்டி உள்ளே இருந்தது, இனிமேல் எனக்கு என்ன வந்துவிடப்போகிறது?

"அடுப்புக்குத்தான சார் ஓட்டு? எங்க வீட்டு அடுப்ப இவுக ஒருநாளும் பத்த வச்சதில்ல. பத்த வைக்கிறது நான். நான்தான் கை தூக்கணும்" என்று கையைத் தூக்கினேன்.

"ஏட்டி, சும்மா இரு" என்றார் இவர், மெதுவாக.

செகரட்டரி பொறுமையாகச் சொன்னார்: "வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா."

"டீ ஸ்டவ்வு அடுப்பில்லன்னு வயக்கத்த மாத்துனது நீதான சார்" என்றாள் இட்லிக்கார அக்கா. "அடுப்புக்கு இன்னா கையா கீது? ஊதுறவ கைதான் அதும் கை." அவளும் தூக்கினாள்.

வாசற்படிகளில் நின்றிருந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒரு கை எழுந்தது, பிறகு வரிசையாக எழுந்தன. விடியற்காலைத் தண்ணீர் பிடிக்கும் வீட்டிலிருந்தும் ஒன்று வந்தது. முதல் வீட்டுப் படியில் செகரட்டரியின் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். தவிடு ஒட்டிய கையைத் தூக்கினார். கணவரைப் பார்க்கவில்லை. செகரட்டரி சாவியை எடுத்துப் பம்பு மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நீதானே ஆரம்பித்தாய், நீயே வைத்துக்கொள் என்று சாவியை என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குள் போனதும் இவர் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தார். சில வாரம் கழித்து நாட்டின் முடிவும் வந்தது. வடக்கே ஒரு மாதிரி, நம் பக்கம் வேறு மாதிரி. அது பெரிய கதை.

கூட்டத்துக்கு மறுநாள் விடியற்காலை நான் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பம்படிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு குடம் நின்றது. பழக்கத்தில் செகரட்டரியின் மனைவி முதலில் வந்து நின்றிருந்தார். என் வாய் தானாகச் சொன்னது:

"முறை மாறியிருக்கு பெரியம்மா."

சொல்லும்போது எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"சரிம்மா" என்றார் அவர். குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார். அது நான் இத்தனை நாள் சொல்லிவந்த 'சரி'. குரல்கூட அதேதான்.

பூட்டைத் திறந்தேன். சங்கிலியையும் சேர்த்து உருவி எடுத்துப்போய் இட்லிக்கார அக்காவின் சாம்பல் தொட்டியில் போட்டேன். "அடுத்த செகரட்டரி யாருன்னு எல்லாருமாச் சேர்ந்து பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவின் குடத்தை வாங்கி அவர் முதலில் நின்ற இடத்திலேயே வைத்தேன். நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். குழந்தையைக் குளிப்பாட்ட அன்றைக்கும் எனக்குக் கடைசித் தண்ணீர்தான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது.